இன்டெலிஜன்ஸ் கோர்ல இருந்து வந்த அக்காவுக்கு அடுத்து என்ன வேலை?

கேள்வி: அக்கா சென்னை ஓடிஏல (ஆர்மி ஆபீசர்ஸ் ட்ரெயினிங் அகாடமி) ட்ரெயினிங் முடிச்சு ஆர்மி இன்டெலிஜன்ஸ்ல 14 வருஷம், இப்ப ரிலீஸ் ஆகி வந்துட்டா. ரெஸ்யூம் எழுத உக்காந்தா பேரு, ஊரு எழுதிட்டு பேனாவ மூடி வச்சிடறா, செஞ்ச வேலைய வெளிய சொல்லக்கூடாதாம். என்ன பண்ணலாம்? பென்ஷன் வருமா?

பதில் 1: ஆபீசர்னா பென்ஷனுக்கு 20 வருஷம் வேணும்ங்க, 14ல கிராஜுவிட்டி தான். 2020 பிப்ரவரி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் தான் பெண்களுக்கு பெர்மனென்ட் கமிஷன் (ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஆபீசரா இருக்கறது) வழி நல்லா தொறந்துச்சு, ரொம்ப லேட்டா கெடச்ச நியாயம்.

பதில் 2: நானும் அங்கருந்து வந்தவ தான்மா, மொத வருஷம் போன் அடிச்சாலே எந்திரிச்சு நின்னுடுவேன். ஆபரேஷன் பேரு, எடம் எதுவும் வேணாம், நாலு பக்கத்துலருந்து வர்ற தகவல ஒத்துப்பாத்து எது நெஜம்னு பிரிச்சு ஒரே பக்கத்துல எழுதித் தர்ற தெறம இருக்குல்ல, அத எழுதச் சொல்லு, பேங்க் ஃப்ராட் டீம்ல அதுக்கு மதிப்பு இருக்கு. ஆர்மிலருந்து வெளிய வர்றவங்களுக்கு அடுத்த வேலைக்கு ட்ரெயினிங் தர்ற டிஜிஆர் கோர்ஸும் விசாரிக்கச் சொல்லு.

கேட்டவர்: ரொம்ப நன்றிக்கா, இன்னைக்கே அவகிட்ட படிச்சுக் காட்டறேன்.