புறப்படுவதற்கு முந்தைய மாதங்கள்: உடலுழைப்பால் நெடுந்தூரம் சென்றவர்களின் அனுபவப் பகிர்வு

சைக்கிளில் சென்றவர்

நெடும்பயணத்துக்கு எத்தனை மாதம் ஆயத்தமாக வேண்டும் என்று கேட்டிருந்த நண்பருக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் பதினான்கு மாதம் ஆயத்தம் செய்தேன். அதில் பதின்மூன்று மாதம் வரைபடங்களோடும் பொருள் பட்டியலோடும் மேசையிலேயே கழிந்தது. எனக்கு உண்மையில் கைகொடுத்தது கடைசி மாதத்தில் மேற்கொண்ட ஒன்பது நாள் ஒத்திகைப் பயணம்தான்.

ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் கடக்க வேண்டிய திட்டம் அது. ஒத்திகைக்கு 600 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, பெரிய பயணத்துக்கு எடுத்துச் செல்லவிருந்த அத்தனை பொருளையும் சைக்கிளில் ஏற்றிக் கிளம்பினேன். நான்காம் நாள் பிற்பகல், நீண்ட ஏற்றம் ஒன்றில், பின்சக்கரத்தின் ஸ்போக் ஒன்று அறுந்தது. சுமை ஏற்றிய சைக்கிளில் பெரும்பாலும் பின்சக்கரத்தின் செயின் பக்கத்து ஸ்போக்குகளே முதலில் அறும். பின்சக்கரம் கூடுதல் எடையைத் தாங்குகிறது. அந்தப் பக்கத்துக் கம்பிகள் மறுபக்கத்துக் கம்பிகளைவிட இறுக்கமாகவும் இருக்கின்றன. இதை முன்பே அறிந்திருந்ததால் சரியான நீளத்தில் நான்கு உதிரி ஸ்போக்குகளை வைத்திருந்தேன். ஆனால் அந்தப் பக்கத்து ஸ்போக்கை மாற்றுவதற்குப் பல்சக்கரத் தொகுதியைக் கழற்றியாக வேண்டும். அதைக் கழற்றும் கருவி என் பையில் இல்லை. அடுத்த இரண்டு நாட்கள், கோணிய சக்கரம் உரசாதபடி பின்பிரேக்கைத் தளர்த்திவிட்டு, இறக்கங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டே சென்றேன்.

வீடு திரும்பியதும் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். பையில் இருக்கும் ஒவ்வொரு உதிரிப் பாகத்தையும், பையில் இருக்கும் கருவிகளை மட்டுமே கொண்டு, இரவில், தலைவிளக்கின் வெளிச்சத்தில் ஒருமுறையாவது மாற்றிப் பார்த்தேன். மாற்றிப் பார்க்காத உதிரிப் பாகம் வெறும் எடை என்றே இன்றும் நினைக்கிறேன்.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒத்திகையின்போது என் சுமை 31 கிலோ. திரும்பி வந்து எல்லாவற்றையும் தரையில் பரப்பி, தினமும் எடுத்தவை, ஒருமுறை மட்டும் எடுத்தவை, தொடவே தொடாதவை என்று மூன்று குவியலாகப் பிரித்தேன். மருந்துப் பையையும் கருவிகளையும் தனியே ஒதுக்கிவிட்டேன், ஏனெனில் அவற்றின் தேவையை ஒன்பது நாட்களை வைத்து அளக்க முடியாது. மூன்றாம் குவியலை முழுவதும், இரண்டாவதில் பாதியையும் விலக்கியபோது சுமை 19 கிலோவுக்கு வந்தது. 1884இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து உயரச் சக்கர சைக்கிளில் புறப்பட்டு, 1886 டிசம்பரில் யோகோஹாமாவில் உலகப் பயணத்தை முடித்த தாமஸ் ஸ்டீவன்ஸ், மாற்றுச் சட்டை ஒன்று, காலுறைகள், கூடாரமாகவும் படுக்கையாகவும் பயன்பட்ட மழைக்கோட்டு ஒன்று, கைத்துப்பாக்கி ஒன்று என்ற அளவிலேயே கொண்டு சென்றார். அவரைப் போல் என்னால் செல்ல முடியாது. ஆனாலும் ஒரு பொருளைப் பையில் வைக்குமுன் அந்த மழைக்கோட்டை நினைத்துக்கொள்வேன்.

உடலைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று. இதயமும் தசையும் சில வாரங்களில் பழகிவிடுகின்றன; தசைநாண்கள் பழகுவதற்கு அதைவிட நெடுங்காலம் ஆகிறது. மூச்சு வாங்கவில்லை என்பதற்காக வார தூரத்தை வேகமாகக் கூட்டிச் சென்ற எனக்கு ஆறாம் மாதத்தில் முழங்கால் வலி வந்து ஐந்து வாரம் வீணாயிற்று.

கடலில் துடுப்பு வலித்தவர்

முன்னவர் சொன்ன உதிரிப் பாகத்தின் கதை எங்கள் படகில் குடிநீர் வடிவத்தில் வந்தது. நாங்கள் இருவர். கடல்நீரைக் குடிநீராக்கும் மின்கருவி ஒன்று, அதற்கு மின்சாரம் தரும் சூரியத் தகடுகள், கருவி பழுதானால் பயன்படுத்தக் கையால் இயக்கும் சிறிய பம்ப் ஒன்று என்று ஏற்பாடு செய்திருந்தோம். காகிதத்தில் இந்த ஏற்பாட்டில் எந்தக் குறையும் தெரியவில்லை.

கரைக்கு அப்பால் 48 மணி நேர ஒத்திகை ஒன்றை வைத்தோம். இரண்டு மணி நேரம் ஒருவர் துடுப்பு வலிப்பதும் மற்றவர் உறங்குவதுமாக முறை மாற்றிக்கொண்டோம். இரண்டாம் நாள் காலையில் மின்கருவியை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, கைப் பம்பை மட்டும் நம்பி அன்றைய பொழுதைக் கழிப்பதென்று முடிவு செய்தோம். ஒரு மணி நேரம் விடாமல் அடித்தும் ஒரு லிட்டர்கூடத் தேறவில்லை. வெயிலில் துடுப்பு வலிக்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய நீரையும் உலர் உணவை நனைக்க வேண்டிய நீரையும் கூட்டிப் பார்த்தபோது, இருவரும் ஓய்வு நேரம் முழுவதையும் பம்ப் அடிப்பதிலேயே கழிக்க நேரிடும் என்று தெரிந்தது. அப்படியானால் உறக்கம் எங்கே? அந்தப் பம்ப் உயிரைக் காப்பாற்றும், பயணத்தைத் தொடர வைக்காது. இந்த வேறுபாடு எங்கள் உள்ளங்கைகள் கன்றிய பிறகே விளங்கியது. ஒத்திகை முடிந்ததும் பெரிய கைப் பம்ப் ஒன்றை வாங்கினோம். முத்திரையிட்ட நன்னீர்க் கலன்களையும் படகின் அடித்தட்டில் அடுக்கினோம். படகு கவிழாமல் நிலைக்க அடியில் எடை எப்படியும் தேவை. அந்த எடை நீராகவே இருக்கட்டும் என்று வைத்தோம்.

உப்புப் புண்ணைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியாது. தோலில் காயும் கடல்நீர் உப்புப் படிகங்களை விட்டுச் செல்கிறது. நகரும் இருக்கையில் ஆயிரக்கணக்கான முறை முன்னும் பின்னும் உரசும்போது அந்தப் படிகங்கள் தோலை அறுக்கின்றன. ஒவ்வொரு முறை இருக்கையை விட்டு எழுந்ததும் சிறிது நன்னீரில் துணியை நனைத்துத் துடைத்து, உலரவிட்டு, களிம்பு தடவுவதை நாங்கள் பல் துலக்குவது போல் கட்டாயமாக்கினோம். குடிநீர்க் கணக்கில் இதற்கும் ஒரு பங்கு வேண்டும் என்பது முதல் திட்டத்தில் எழுதப்படவே இல்லை.

பனியில் இழுவண்டி இழுத்தவர்

உணவுக் கணக்கை மட்டும் சேர்க்கிறேன். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கிலோ கலோரி தருகிறது. மாவுச்சத்தும் புரதமும் 4 தருகின்றன. கலவையின் சராசரி கிராமுக்கு 5 என்று கொண்டால், நாளொன்றுக்கு 5,500 கிலோ கலோரி வேண்டுபவர் 1.1 கிலோ சுமக்க வேண்டும். நூறு நாளைக்கு 110 கிலோ. உணவைக் கூட்டினால் வண்டியின் எடை கூடும். எடை கூடினால் எரியும் ஆற்றலும் கூடும். 1992-93இல் ரனுல்ஃப் ஃபியன்ஸும் மருத்துவரான மைக் ஸ்ட்ரவுடும் அண்டார்க்டிகாவைக் கடந்தபோது, ஆளுக்கு 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள இழுவண்டிகளோடு தொடங்கினார்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,500 கிலோ கலோரி உண்டும் இருவரும் 95 நாட்களில் மிக மோசமாக மெலிந்துபோனார்கள். இந்தக் கணக்கில் பற்றாக்குறை இல்லாத விடை கிடையாது. எவ்வளவு பற்றாக்குறையை உங்கள் உடல் எத்தனை நாள் தாங்கும் என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

மற்றொன்று, திரும்புவதைப் பற்றியது. 1888இல் ஃப்ரிட்யோஃப் நான்சன் ஐந்து துணைவர்களோடு கிரீன்லாந்தைக் கடந்தபோது, கிட்டத்தட்ட மக்களே இல்லாத கிழக்குக் கரையில் தொடங்கி, மக்கள் வாழும் மேற்குக் கரையை நோக்கி நடந்தார். திரும்பிச் செல்ல இடமே இல்லாதபடி பாதையை அமைத்துக்கொண்டார். அந்தத் துணிவைப் பெரிதும் மதிக்கிறேன், ஆனால் பின்பற்றுமாறு யாருக்கும் சொல்ல மாட்டேன். எந்தத் தேதிக்குள் எந்த இடத்தை அடையாவிட்டால் திரும்புவேன் என்று நான் கிளம்புமுன்பே எழுதி வைத்தேன். பதினேழாம் நாள் திரும்பினேன். பசித்து, குளிரில் நடுங்கி, இலக்கின் மேல் ஆசை கொண்டிருந்த என்னிடம் அந்த முடிவை அன்று விட்டிருந்தால் நிச்சயம் முன்னேதான் சென்றிருப்பேன்.

சைக்கிளில் சென்றவர்

மூவருமே புறப்பட்டவர்கள். வீட்டில் இருந்துகொண்டு தொடர்பைக் கவனித்தவர்கள் யாரேனும் எழுதினால் நன்றாக இருக்கும். என் மனைவியிடம் நான் விட்டுச் சென்றது ஒரு தொலைபேசி எண் மட்டுமே. அது போதாதென்று இப்போது தோன்றுகிறது.

கரையில் இருந்தவர்

என் தம்பி தனியாகத் துடுப்புப் படகில் கடல் கடந்தவன். நான் அவனுடைய கரைத் தொடர்பாளராக இருந்தேன். பெருங்கடலில் தனித்துச் செல்பவருக்கான காத்திருப்பு எவ்வளவு நீளும் என்பதற்கு, பசிபிக்கில் 312 நாட்கள் தனியே துடுப்பு வலித்த எர்டன் எருச்சை நினைத்தால் போதும். தம்பியின் திட்டம் 70 நாட்கள்தான். அதுவே எனக்கு மிக நீளமாகத் தெரிந்தது.

அவனும் ஒத்திகைக்குப் போனான், ஆறு நாட்கள். தினமும் மாலை ஆறு மணிக்குச் செயற்கைக்கோள் தொலைபேசியில் அழைப்பதாக ஏற்பாடு. மூன்றாம் நாள் அழைப்பு வரவில்லை, நான்காம் நாளும் வரவில்லை. படகில் இருந்த இடங்காட்டிக் கருவி மட்டும் மணிக்கொரு முறை புள்ளி வைத்துக்கொண்டே இருந்தது. புள்ளிகள் நகர்ந்துகொண்டிருந்ததால் அவன் நலமாக இருக்கிறான் என்று முதல் இரவு என்னை நானே தேற்றிக்கொண்டேன். இரண்டாம் இரவில்தான், ஆளில்லாத படகும் நீரோட்டத்தில் நகரும் என்பது நினைவுக்கு வந்தது. 1966இல் வட அட்லாண்டிக்கைக் கடக்கப் புறப்பட்ட இரு துடுப்புப் படகுகளில் ரிட்ஜ்வேயும் பிளைத்தும் 92 நாட்களில் கரை சேர்ந்தார்கள். ஜான்ஸ்டனும் ஹோரும் சென்ற 'பஃபின்' படகு மட்டும் ஆளின்றி மிதந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. தம்பி மேசையில் விட்டுச் சென்ற குறிப்புகளில் அதைப் படித்திருந்தேன். விடியும் வரை புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்து, அன்றைய நீரோட்டத்தின் வேகத்தோடும் திசையோடும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். படகு நீரோட்டத்துக்குக் குறுக்கே சென்றதைப் பார்த்த பிறகே, யாரோ துடுப்பு வலிக்கிறார்கள் என்று நம்பினேன். தொலைபேசியின் சார்ஜ் செய்யும் துளையில் உப்புநீர் இறங்கியிருந்தது, அவ்வளவுதான் நடந்தது.

அவன் திரும்பியதும் இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினோம். அழைப்பு தவறி 24 மணி நேரம் ஆனால் நான் என்ன செய்வேன், 48 மணி நேரம் ஆனால் யாரை அழைப்பேன், அப்போது படகின் நிறம், நீளம், கையிருப்பில் உள்ள நீர், உணவு ஆகியவற்றில் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று எழுதினோம். தொலைபேசி பழுதானால் இடங்காட்டியின் செய்திப் பொத்தானை மாலை ஆறு மணிக்கு ஒருமுறை அழுத்துவது 'நலம்' என்று பொருள்படும் என்றும் முடிவு செய்தோம். 406 மெகாஹெர்ட்ஸ் அபாய அறிவிப்புக் கருவியின் பதிவில் என் எண்ணோடு, இரவில் கட்டாயம் எடுக்கக்கூடிய வேறொருவரின் எண்ணையும் சேர்த்தோம். அந்தக் கருவி அபாயச் செய்தி அனுப்பினால் மீட்பு மையத்தார் முதலில் அழைப்பது பதிவில் இருப்பவர்களைத்தான். அப்போது எடுப்பவர் தூக்கக் கலக்கத்தில் தடுமாறக் கூடாது என்பதற்காகத் தாளின் படி ஒன்றை அவரும் தலைமாட்டில் வைத்திருந்தார்.

கடைசி வரி மட்டும் எழுதப்படாமல் பல நாள் கிடந்தது. அப்பாவுக்கு அப்போது உடல்நிலை சரியில்லை. அவன் கடலில் இருக்கும்போது ஏதேனும் நேர்ந்தால் சொல்லலாமா, வேண்டாமா? "சொல்லாதே அக்கா. திரும்பி வரவும் முடியாது, துடுப்பும் ஓடாது" என்றான். அப்படியே எழுதினேன். ஆனால் தினமும் ஆறு மணிக்கு அவனோடு பேசிக்கொண்டே அதை மறைக்க என்னால் முடியாது என்பதை அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஆயத்தம் என்று நாங்கள் செய்த எல்லாவற்றிலும் இதைத்தான் மிகவும் தள்ளிப்போட்டோம். புறப்படுவதற்கு முந்தைய இரவு நானே பேச்சை எடுத்தேன். வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு தாளை வாங்கி, 'சொல்ல வேண்டாம்' என்பதை அடித்துவிட்டு, 'கடல் அமைதியாக இருக்கும் நாளில், பகலில் சொல்' என்று தன் கையால் எழுதிக் கொடுத்தான்.

அப்பா நலமாகவே இருந்தார். 74ஆம் நாள் துறைமுகத்தில் அவனை என்னோடு சேர்ந்து வரவேற்றார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மனைவிக்கு எண் மட்டும் விட்டுச் சென்ற நண்பர் கேட்டால் அதன் படியை அனுப்பி வைக்கிறேன்.