புதுப்பிப்பு: 37 டிகிரியில் விரியாத எலும்புச் சாரக்கட்டு

எலும்பில் உள்ள குழியை நிரப்பி, புது எலும்பு வளரப் பிடிமானம் தரும் துளையுள்ள துண்டுதான் சாரக்கட்டு. பிஎல்ஏ என்ற மக்கும் பிளாஸ்டிக்கில் எடைக்கு 15% ஹைட்ராக்ஸிஅபடைட் (எலும்பில் உள்ள கனிமம்) கலந்து அதை 3டி முறையில் அச்சிட்டு, 70 டிகிரியில் அமுக்கி, எலும்புக் குழிக்குள் வைத்து உடல்சூட்டில் விரியவிடலாம் என்று முன்பு எழுதியதற்கு ஒரு திருத்தம். பிஎல்ஏவின் கண்ணாடிநிலை வெப்பம், அதாவது விறைப்பு விட்டு இளகும் வெப்பம், ஏறத்தாழ 60 டிகிரி. உடல்சூட்டுக்கு அது அசையாது. வெந்நீர் ஊற்றித் திறக்கவும் வழியில்லை. 47 டிகிரி ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு கெடத் தொடங்கும்.

டிஎல்-லாக்டைடு, ட்ரைமெத்திலீன் கார்பனேட் இரண்டும் ஒரே சங்கிலியாகச் சேர்ந்த கோபாலிமருக்கு மாறுவது நல்லது. கார்பனேட் பங்கைக் கூட்டக் கூட்ட கண்ணாடிநிலை வெப்பம் இறங்கும். அந்த வெப்பத்தை அளக்கும் டிஎஸ்சி கருவியில் உலர்ந்த துண்டை மட்டும் வைத்து ஏமாறாதீர்கள், உப்புநீரில் 37 டிகிரியில் ஒரு நாள் ஊறியதையும் வையுங்கள். நீர் புகுந்தால் இன்னும் சில டிகிரி குறையும்.

அமுக்கும்போது அடிக்கடி நடக்கும் தவறு: சூடு ஆறுமுன் கிளாம்பைக் கழற்றுவது. துண்டு பாதி எழும்பிவிடும். அதிகம் நசுக்கினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், துளைகள் பிறகு திறக்காது. அமுக்கிய பிறகு கிருமிநீக்கம் செய்தால் அந்தச் சூட்டிலேயே துண்டு விரிந்துவிடும்; நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் 121 டிகிரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமி நீக்கும் முறையிலும் சூடும் ஈரமும் உண்டு. அதனால் முதலில் கிருமிநீக்கம், அப்புறம் கிருமியற்ற சூழலில் அமுக்குதல்.

அமுக்கிய துண்டு ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். கோடையில் ஏசி இல்லாத அறையென்றால் மேசைமேலேயே விரிந்துவிடும்.