கெட்டென்ட்ஸ்64: திரையில் பெயர் சரி, ஒப்பிட்டால் பொருந்துவதில்லை

கேள்வி:
லினக்ஸ், எக்ஸ்86-64. ரீட்டிர் என்ற லைப்ரரி ஃபங்ஷன் இல்லாமல், சி-யிலிருந்து 217-ஆம் சிஸ்டம் காலை (கர்னலிடம் விடுக்கும் அழைப்பு, பெயர் கெட்டென்ட்ஸ்64) நேரடியாக அழைத்து ஒரு டைரக்டரியைப் படிக்கிறேன். பஃபர் 1024 பைட். ஸ்ட்ரக்ட் இப்படி: 8 பைட் ஐநோடு எண் (ஃபைலின் அடையாள எண்), 8 பைட் ஆஃப்செட், 2 பைட் ரெக்கார்டு நீளம், உடனே பெயர். டெர்மினலில் பெயர்கள் ஒழுங்காகத் தெரிகின்றன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் எஸ்டிஆர்கம்ப் எந்தப் பெயருக்கும் 0 (அதாவது ‘இரண்டும் ஒன்றே’) தரவில்லை. சிம்லிங்க் (வேறொரு ஃபைலைச் சுட்டும் ஃபைல்) வரும் இடத்தில் மட்டும் அதற்கு மேலே ஒரு வெற்று வரி விழுகிறது. எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் உள்ள பழைய டிஸ்க் ஒன்றில் ஓட்டினால் எல்லாப் பெயரும் காலி. காரணம் என்ன?

பதில் 1:
அழைப்பது புதிய கால், ஸ்ட்ரக்ட் பழைய காலுடையது. நீங்கள் எழுதியிருப்பது 78-ஆம் எண் கெட்டென்ட்ஸின் வடிவம். அதில் பெயர் (0-இலிருந்து எண்ணினால்) 18-ஆவது பைட்டில் தொடங்கும், வகையைச் சொல்லும் பைட் ரெக்கார்டின் கடைசியில் இருக்கும். கெட்டென்ட்ஸ்64-இல் 18-ஆவது பைட்தான் அந்த வகை பைட் (டி_டைப்), பெயர் 19-இல் தொடங்குகிறது. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு வகை பைட் ஒட்டிக்கொண்டு வருகிறது.

சாதாரண ஃபைலுக்கு அதன் மதிப்பு 8. ஆஸ்கியில் 8 என்பது பேக்ஸ்பேஸ். வரியின் தொடக்கத்தில் அது எதையும் அழிக்காது, அதனால் கண்ணுக்குப் படாது. சிம்லிங்க்குக்கு 10, அதுதான் புதிய வரி. எக்ஸ்எஃப்எஸ்-இல் எஃப்டைப் (டைரக்டரியிலேயே வகையைப் பதியும் வசதி) இல்லாமல் ஃபார்மட் செய்திருந்தால் வகை 0 என வரும். சி அதையே ஸ்ட்ரிங்கின் முடிவாக எடுத்துக்கொள்ளும். வெளியீட்டை ‘ஓடி -சி’-க்குள் (ஒவ்வொரு பைட்டையும் காட்டும் கட்டளை) பைப் செய்து பாருங்கள். ஃபைல் பெயர்களுக்கு முன்னால் பேக்ஸ்பேஸும், டைரக்டரிகளுக்கு முன்னால் 004-உம் அப்படியே தெரியும்.

ரெக்கார்டு நீளத்துக்குப் பின் 1 பைட் டி_டைப் சேர்த்தால் தீர்ந்தது. சி லைப்ரரியான ஜிலிப்சி-யில் 2.30 முதல் கெட்டென்ட்ஸ்64-க்கு ரேப்பரே (நேரடியாக அழைக்கக்கூடிய ஃபங்ஷன்) உண்டு. அதற்கு முந்தையதில் எஸ்ஒய்எஸ்_கெட்டென்ட்ஸ்64 என்ற மேக்ரோவைக் கொடுங்கள், 217 என்று எண்ணை எழுதாதீர்கள். ஆர்ம்64 ப்ராசஸரில் இதன் எண் 61. அங்கே 217 முற்றிலும் வேறொரு கால்.

பதில் 2:
லூப்பையும் ஒருமுறை சரிபாருங்கள். திரும்பி வருவது எத்தனை ரெக்கார்டு என்பதல்ல, எத்தனை பைட் என்பது. 0 வந்தால் டைரக்டரி முடிந்தது. அடுத்த ரெக்கார்டுக்கு டி_ரெக்லென் (ரெக்கார்டு நீளம்) சொல்லும் அளவுதான் நகர வேண்டும். பெயரின் நீளத்தை வைத்துக் கணக்கிட்டால் தடம் புரளும், ஏனென்றால் ஒவ்வொரு ரெக்கார்டும் 8-இன் மடங்குக்கு நிரப்பப்படுகிறது. ஒற்றைப் புள்ளிக்கு 19 + 1 + முடிவு பைட் 1, ஆக 21. ஆனால் ரெக்கார்டு 24 பைட். 255 பைட் பெயருக்கு 280.

ஒரு ரெக்கார்டுகூடக் கொள்ளாத பஃபரைக் கொடுத்தால் ஈஇன்வால் என்ற பிழை வரும். உங்கள் 1024 அந்தச் சிக்கலைத் தராது, ஆனால் பெரிய டைரக்டரியில் தேவையில்லாமல் பலமுறை கர்னலுக்குள் போய்வர வேண்டும். 32768 கொடுங்கள். பஃபரை 8 பைட் அலைன்மென்ட்டில் (8-இன் மடங்கான முகவரியில்) வையுங்கள். மெமரி ஒதுக்கும் மேலாக் தருவதே போதும், வெறும் கேர் அரேயை அந்த ஸ்ட்ரக்ட்டுக்கு காஸ்ட் செய்வதுதான் ஆபத்து.

கேள்வி கேட்டவர்:
பெயர் சரியாகிவிட்டது. டி_ஆஃப் (ஆஃப்செட்) மதிப்புகள் ஏறுமாறாகப் பெரிய எண்களாக வருகின்றனவே? மேலும், அதே லூப்புக்குள்ளேயே ஃபைல்களை அன்லிங்க் செய்யலாமா (நீக்கலாமா)?

பதில் 1:
டி_ஆஃப்-ஐ பைட் கணக்காகப் பார்க்காதீர்கள். ஈஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்தில் அது பெயரின் ஹாஷிலிருந்து வருவது. அதே எஃப்டி-யில் (திறந்த டைரக்டரியைக் குறிக்கும் எண்), இடம் நகர்த்தும் எல்சீக்குக்குக் கொடுத்தால் அடுத்த ரெக்கார்டிலிருந்து தொடரலாம், அதற்கு மேல் அதில் கணக்குப் போட ஒன்றுமில்லை.

அன்லிங்க்: படிக்கும்போதே ஒரு ஃபைல் சேர்ந்தாலோ நீங்கினாலோ அது பட்டியலில் வருமா என்பதை போசிக்ஸ் தரநிலை வரையறுக்கவில்லை. பெயர்களை முதலில் சேர்த்துவிட்டு, பிறகு அன்லிங்க்அட் செய்வது பாதுகாப்பு. லட்சக்கணக்கில் ஃபைல் இருந்தால் டி_ஐநோ (ஐநோடு எண்) வரிசையில் அடுக்கிவிட்டு நீக்குங்கள். ஹாஷ் வரிசையில் போனால் ஐநோடு டேபிளில் அங்கும் இங்கும் தாவ வேண்டிவரும், சுழலும் டிஸ்க்கில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

பதில் 2:
டி_டைப் 0 வந்தால் ‘வகை தெரியாது’ என்று பொருள், பிழை அல்ல. அந்த ரெக்கார்டுக்கு மட்டும் ஃபைலின் விவரம் தரும் எஃப்ஸ்டாட்அட் அழைத்து, சிம்லிங்க்கைத் தொடராத ஃபிளாக்கையும் சேர்த்துக் கொடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் உங்கள் எக்ஸ்எஃப்எஸ் டிஸ்க்கில் துணை டைரக்டரிகள் எல்லாம் சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும்.