புதுப்பிப்பு: லோச் மீன் தொட்டி சூடு ஒருவழியா குறைஞ்சிருச்சு

போன மாசம் எழுதியிருந்தேனே, சிங்கப்பூர்ல நம்ம எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுல மத்தியானம் தொட்டித் தண்ணி 30 டிகிரிக்குப் போகுது, ஹில்ஸ்ட்ரீம் லோச் அஞ்சுல ரெண்டு மேல வந்து வேகவேகமா மூச்சு வாங்குதுன்னு. அதுல ஒண்ணு போயிருச்சுங்க, மனசே ஆறல. மத்த நாலும் நல்லாயிருக்கு.

ஃபேன் வச்சுப் பார்த்தேன், 27க்குக் கீழ இறங்கவே இல்ல, தண்ணியும் ஆவியாகிக் குறைஞ்சுக்கிட்டே இருந்துச்சு, அப்புறம் காசு போனா போகுதுன்னு தண்ணியக் குளிர வைக்கிற சில்லர் வாங்கிட்டேன், இப்ப 23லயே நிக்குது. இதுங்க வியட்நாம் மலை ஓடையில துடுப்பாலயே பாறையைப் பிடிச்சுக்கிட்டு வாழ்ற மீனு, சூடான தண்ணியில ஆக்சிஜன் கரையறதே கம்மி, அதான் அந்தத் தவிப்பு. தண்ணியத் தள்ளுற பவர்ஹெட் மோட்டார் ரெண்டையும் ஒரே பக்கம் மாத்தி வச்சதும் ஆறு மாதிரி ஓடுது, நாலும் எதிர்த்து ஏறுறதைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கேன்.

இதுங்க மேயுற பாசிக்கு, கூழாங்கல்லை வெயில்ல வாளித் தண்ணியில போட்டுப் பச்சை பிடிச்சதும் தொட்டிக்கு மாத்துறேன். டெங்கு கொசு வந்துரும், வாளித் தண்ணிய ரெண்டு நாளைக்கொரு தடவை கண்டிப்பா மாத்திருங்க. இன்னொண்ணு, இங்க குழாத்தண்ணியில கிருமி கொல்லப் போடுற குளோரமின் இருக்கு, மீனுக்கு ஆகாது, சும்மா வச்சிருந்தா போகாது, அதை முறிக்கிற கண்டிஷனர் மருந்து போட்டே ஆகணும்.