வவுனியாவில் நேர்முகம், இன்னும் 9 நாள்தான் இருக்கிறது

ஒட்டுசுட்டான் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாய பீடத்தில் படித்து முடித்து எட்டு மாதமாகிறது. ஒரு விதைக் கம்பனியில் வெளிக்கள உத்தியோகத்தர் வேலைக்குப் போட்டிருந்தேன். அடுத்த வியாழன் காலை 9 மணிக்கு வவுனியாவுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேர் கேள்வி கேட்பார்களாம். அதில் ஒருவர் கொழும்பிலிருந்து வருகிறார், அவருக்குத் தமிழ் தெரியாதாம்.

ஆங்கிலம் எழுதுவேன், பேசும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்பா வயலும் கச்சானும் (நிலக்கடலை) செய்கிறார். நான் இதுவரை ஒரு வேலையும் செய்ததில்லை, அதனால் அனுபவம் என்ற இடத்தை வெறுமையாக விட்டேன். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற கேள்விக்கு ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதிப் பாடமாக்கிக்கொண்டிருக்கிறேன். அது போதுமா? சாறிதான் கட்ட வேண்டுமா? இன்னொன்று, பிறப்புச் சான்றிதழில் என் பெயரில் ஓர் எழுத்து வேறு, பட்டச் சான்றிதழில் வேறு. சிக்கல் வருமா?

மாங்குளத்தான்:

பெயருக்கு ஒரு சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக்கடதாசி முடித்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே ஆள்தான் என்று. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் தொலைந்து, பிறகு எடுத்த பத்திரங்கள்தானே. மூலப்பிரதிகளை ஒரு பைலிலும் போட்டோ கொப்பிகளை இன்னொன்றிலும் வையுங்கள்.

நெடுங்கேணி, புளியங்குளம் வழியாகப் போகிற காலை பஸ்ஸை நம்பி இருக்காதீர்கள். வவுனியாவில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் புதன் பின்னேரமே போய் நில்லுங்கள். சாறி விஷயம் எனக்குத் தெரியாது, அக்காமார் சொல்லட்டும்.

குளக்கட்டு:

தங்கச்சி, முதலில் அந்த ஒரு பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள்.

நான் மல்லாவி. ஆறு வருடமாக இதே வேலைதான் செய்கிறேன். கிடைத்தது மூன்றாவது நேர்முகத்தில். முதலாவதுக்கு நானும் பாடமாக்கிக்கொண்டுதான் போனேன். ‘ஐ ஆம் எ ஹார்ட்வர்க்கிங் பெர்சன்’ வரைக்கும் நன்றாக ஓடியது. அந்த இடத்தில் ஒருவர் குறுக்கிட்டு, “உங்கள் ஊர் வயலுக்கு எந்தக் குளத்துத் தண்ணீர்?” என்று கேட்டார். வவுனிக்குளம் என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆனது. சின்ன வயதிலிருந்து குளித்த குளம்! அடுத்த வசனம் வாய்க்குள் வரிசையில் நின்றதால் அந்தப் பெயருக்கு வெளியே வர இடமில்லை.

மூன்றாவதில் கேட்டது இது: “ஏக்கருக்கு 2 புசல் விதைநெல் போதும் என்று நீங்கள் சொல்கிறீர்கள். ஓர் ஐயா 3 புசல் போட்டே தீருவேன் என்று நிற்கிறார். என்ன செய்வீர்கள்?” புத்தகத்தில் இருப்பதைத் தொடங்கினேன், பாதியில் நிறுத்திவிட்டு, “மை ஃபாதர் ஆல்சோ த்ரீ புசல்” என்றேன். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். பெரும்போகத்தில் விதைத்த கையோடு மழை அடித்தால் முளை அழுகும், மிச்சத்தைக் குருவி பொறுக்கும், இடைவெளியில் புல் எழும்பும், அந்தப் பயத்துக்குத்தான் அந்த மூன்றாவது புசல் என்று சொன்னேன். மேடுபள்ளம் இல்லாத ஒரு மூலைத் துண்டை மட்டும் 2 புசல் கணக்கில் விதைக்கக் கேட்பேன், வெட்டியதும் இரண்டையும் அவரே நிறுத்துப் பார்க்கட்டும் என்றேன். இலக்கணம் முழுக்கப் பிழை. ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் என்னுடன் கதைக்கத் தொடங்கினார்கள்.

உங்கள் வீட்டில் கச்சான் இருக்கிறதே! கொழும்பிலிருந்து வருகிறவரும் எப்போதாவது யாழ்ப்பாணம் போகும் வழியில் முறிகண்டியில் இறங்கிக் கச்சான் வாங்கியிருப்பார். எப்போது விதைக்கிறீர்கள், ஏக்கருக்கு என்ன செலவு, யார் வந்து எடுக்கிறார்கள், காட்டுப்பன்றி எத்தனை தரம் இறங்கியது என்று இன்றிரவே அப்பாவோடு இருந்து எழுதுங்கள். 2021இல் இரசாயன உரத்தைத் தடுத்தபோது உங்கள் வயலில் எத்தனை மூட்டை குறைந்தது என்பதையும் கேளுங்கள். அனுபவம் என்ற இடத்தில் எழுத வேண்டியது அதுதான். கடைசி வருட ஆய்வை நாலு வசனத்தில் சொல்லப் பழகினால் போதும்.

ஆங்கிலத்துக்கு, தனியாக நடந்துகொண்டே சத்தமாகப் பேசிப் போனில் பதிவு செய்து கேளுங்கள். என் குரலைக் கேட்க எனக்கு இன்னும் வெட்கம், ஆனாலும் கேட்கத்தான் வேண்டும். சொல் வராவிட்டால் தமிழில் சொல்லுங்கள், மற்ற இரண்டு பேரும் எதற்கு இருக்கிறார்கள்?

சுரிதார் போதும். பஸ்ஸில் கசங்கிய சாறியை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டு பதில் சொல்ல முடியாது.

நீங்கள் எழுதாத ஒன்றுதான் எனக்குக் கவலை: மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் இருக்கிறதா? வெளிக்கள வேலை என்றால் அதைக் கேட்காமல் விடமாட்டார்கள்.

பரந்தன் சந்தி:

ஆள் தெரியாமல் ஒன்றும் நடக்காது. நான் போன நேர்முகம் 7. ஓர் இடத்தில் நான் உள்ளே போகும்போதே, ஏற்கெனவே வேலைக்கு எடுத்த ஆளுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

குளக்கட்டு:

அப்படியும் நடக்கிறதுதான் தம்பி, இல்லை என்று சொல்லமாட்டேன். எனக்கு ஆள் யாரும் இருக்கவில்லை, அவ்வளவுதான். எட்டாவதுக்கும் போங்கள்.

ஒட்டுசுட்டான் பிள்ளை:

நன்றி அக்கா, அண்ணா. லைசன்ஸ் இல்லை. மாமாவின் ஸ்கூட்டியை ஓடுவேன், ஊருக்குள் மட்டும். நாளைக்கே சாரதிப் பயிற்சிப் பள்ளியில் பதியப் போகிறேன், அந்தப் பற்றுச்சீட்டையாவது காட்டலாம்.

இரவு அப்பாவிடம் கச்சான் கணக்குக் கேட்டேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு சி.ஆர். கொப்பி எடுத்துவந்தார். 2016இலிருந்து விதைத்த நாள், கூலி, மூட்டைக் கணக்கு, பன்றி வந்த இரவுகள் எல்லாம் பென்சிலில் எழுதியிருக்கிறார். இப்படி ஒன்று வீட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது. அதைக் கொண்டு போகலாமா?

குளக்கட்டு:

கொண்டு போங்கள். நீங்களாக மேசையில் வைக்க வேண்டாம், கணக்குக் கேட்டால் எடுங்கள். மழை என்றால் பொலித்தீன் பையில் சுற்றுங்கள், பென்சில் எழுத்து.