தன்கருத்தா, தற்கருத்தா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

மா. எழுதியது:
நண்பர்களே, வணக்கம். உளவியல் முதலாண்டுப் பாடநூலில் ஓர் இயலை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே பத்தியில் செல்ஃப் கான்செப்ட், செல்ஃப் இமேஜ், செல்ஃப் எஸ்டீம், ஐடென்டிட்டி நான்கும் வந்து நிற்கின்றன. கடைசி இரண்டுக்கும் தன்மதிப்பு, அடையாளம் என்று போட்டுவிட்டேன். இமேஜுக்குத் தற்படிமம். முதலாவதற்கு, அதாவது ஒருவர் தன்னைப் பற்றி மனத்தில் வைத்திருக்கும் எண்ணத்துக்கு, தற்கருத்து என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

செ.:
சரி. சுயகருத்து என்று போகாமல் இருந்ததற்கு நன்றி. தற்கொலை, தற்பெருமை, தற்புகழ்ச்சி வரிசையில் தற்கருத்து அழகாக உட்காரும்.

இரா.:
புணர்ச்சி சரி ஐயா, பொருள்தான் போய்விடுகிறது. சென்ற பருவத்தில் இதே சொல்லை வகுப்பில் பலகையில் எழுதினேன். தேர்வில் ஒரு மாணவி எழுதியது: "தற்கருத்து என்பது ஒருவர் தற்போது கொண்டுள்ள கருத்து. இது பின்னர் மாறலாம்." சிவப்பு மையைத் திறந்துவிட்டேன், அடிக்கக் கை வரவில்லை. தற்காலம், தற்சமயம், தற்காலிகம் என்று நாள் முழுக்கக் கேட்கிற காதுக்குத் தற் என்றால் இப்போதுதான்.

செ.:
அந்தத் தற் வடமொழித் தத். நம்முடையது தன். இரண்டும் வேறு வேறு.

இரா.:
உங்களுக்கும் எனக்கும் தெரியும். தேர்வுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதை யார் சொல்வது? சுயகருத்து என்றால் எல்லாருக்கும் புரியும்.

மு.:
சண்டை வேண்டாம், நன்னூலே வழி விடுகிறது. தன், என் என்பவற்றின் னகரம் வல்லினம் வந்தால் உறழும், அதாவது மாறாமலும் வரும், றகரமாகியும் வரும் என்கிறார் பவணந்தி. தன்பகை, தற்பகை இரண்டுமே சரி. தன்கருத்து என்று எழுதினால் இலக்கணமும் கெடாது, "இப்போது" என்ற மயக்கமும் வராது.

சுயத்தை நான் விடச் சொல்வது வடமொழி என்பதற்காக அல்ல. உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் அறிகிற நான் வேறு, அறியப்படும் நான் வேறு என்று பிரித்தார். அதைத் தமிழில் விளக்கவே வேண்டாம். வேற்றுமை உருபு ஏறியதும் நான் என்பது என் ஆகிறது, தான் என்பது தன் ஆகிறது. "நான் என்னை நினைத்துப் பார்க்கிறேன்" என்பதில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது ஆள். தன் அவரைத்தான் சொல்கிறது. சுயத்தில் இந்த வேறுபாடு தெரியாது.

வ.:
தன் சரி. கருத்துதான் எனக்கு ஒட்டவில்லை. "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால் அபிப்பிராயம் சொல்கிறோம். 1954இல் கூன், மக்பார்ட்லண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் "நான் யார்?" என்ற கேள்விக்கு 20 விடை எழுதச் சொல்லிச் சோதித்தார்கள். மகள், மாணவி, குட்டை, கோபக்காரி என்று எழுதுவதெல்லாம் அபிப்பிராயமா? ஒருவர் தன்னை வரைந்து காட்டுவது அது. எனவே தன்வரைவு. உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் பற்றிய பாடத்துக்கும் வசதி: இருக்கும் வரைவு, இருக்க விரும்பும் வரைவு, இரண்டுக்கும் நடுவே விலகல்.

மு.:
அகப்பொருளில் வரைவு என்றால் திருமணம், அம்மா. தன்வரைவு என்றால் தன்னையே கட்டிக்கொள்வது! சிலருக்குப் பொருந்தும்தான்.

செ.:
20 விடை எதற்கு? பழந்தமிழில் எளியேன், இளையேன், அடியேன் என்று ஒரே சொல்லில் ஆளும் வந்துவிடும், அவர் தன்னைப் பற்றி நினைப்பதும் வந்துவிடும். தன்மை ஒருமைக் குறிப்பு வினைமுற்று. தன்மை! இலக்கணத்தில் நானும் அதுதான், இயல்பும் அதுதான். இதைவிட என்ன வேண்டும்?

இரா.:
"மாணவரின் தன்மை" என்றால் நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி இருக்கிறது ஐயா.

வ.:
நான் யார் என்றதும் ரமணர் நினைவுக்கு வருகிறார். அவர் வருகிற விடையை எல்லாம் தள்ளச் சொன்னார். இவர்கள் எழுதி நிரப்பச் சொல்கிறார்கள். இயலில் ஓர் அடிக்குறிப்பாவது...

மா.:
அடிக்குறிப்புக்கு இடமில்லை. இன்று புதன்.

வ.:
சரி, ஆனால் அடையாளத்தை யாருமே கேள்வி கேட்கவில்லையே? அது பிறர் நம்மைக் கண்டுகொள்ளும் குறி. உளவியலாளர் எரிக் எரிக்சன் பேசியது, வயது ஏறினாலும் வேடம் மாறினாலும் நான் நானாகவே தொடர்கிறேன் என்ற உணர்வை. அந்த மனிதரே மாற்றாந்தந்தையின் பெயரான ஹோம்பர்கரோடு வளர்ந்து, 1939இல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கும்போதுதான் எரிக்சன் ஆனார். குறி மாறியது. ஆள் மாறினாரா?

மு.:
அடையாளம் வெறும் குறி இல்லை. பெரியாழ்வார் பாசுரத்தில் அனுமன் சீதையிடம் அடையாளம் சொல்கிறானே, அவற்றில் பல நினைவுகள். ஓர் இரவு சீதை இராமனை மல்லிகை மாலையால் கட்டியது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்தது. நினைவின் தொடர்ச்சிதான் ஒருவரை அவராக்குகிறது என்று ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக் வாதாடினார். மோதிரம் கைமாறும், அந்த இரவு மாறாது. அடையாளமே இருக்கட்டும்.

செ.:
அடை + ஆள். ஆளைப் போய் அடைவது அடையாளம்.

மு.:
ஆதாரம்?

செ.:
தேடித் தருகிறேன்.

மா.:
வியாழன் இரவு. தன்கருத்துக்கு மூவர். இரா. அவர்களும் "சுயம் இல்லாவிட்டால் போகட்டும், தற் வேண்டாம்" என்று அரை மனதோடு சேர்ந்துகொண்டார். தன்வரைவுக்கு வ. ஒருவர். தன்கருத்து என்றே போகிறது. முதல் இடத்தில் "தன்னைப் பற்றி ஒருவர் மனத்தில் வைத்திருப்பது எல்லாம்" என்று ஒரு வரி விளக்கம் சேர்த்திருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

மா.:
மெய்ப்பு வந்தது. பிழை என்று நினைத்து எல்லா இடத்திலும் தற்கருத்து என்று திருத்தியிருக்கிறார்கள். 31 இடம். உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

வ.:
எப்படியும் மாற்றுவதுதான் என்றால், தன்வரைவு...