பந்து கோட்டைக் கடந்ததா? ஏகாம்பரம் மைதானத்தருகே நடந்த ஒரு வாக்குவாதம்

2022 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பான் போட்ட இரண்டாவது கோலைப் பற்றித் திருகோணமலையில் பல நாட்களாகப் பேச்சு ஓயவில்லை. வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு வாதாடியவர்களில் நானும் ஒருவன். சர்ச்சைக்குரிய ஒரு கணத்தைப் படத்தில் எப்படிப் பார்க்கவேண்டும் என்பதை எங்களுக்குக் காட்டித்தந்தவர் பயிற்சியாளரோ மத்தியஸ்தரோ அல்லர். கட்டட வேலை செய்யும் ஒரு மேசன். அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஆட்டம் கட்டாரின் கலீபா சர்வதேச விளையாட்டரங்கில் டிசம்பர் 1ஆம் திகதி இரவு நடந்தது. எங்களுக்கு அப்போது 2ஆம் திகதி பிறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. மனையாவெளியில் நண்பர் ஒருவரின் வீட்டு விறாந்தைக்குத் தொலைக்காட்சியை இழுத்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். 11ஆவது நிமிடத்தில் மொராட்டா தலையால் முட்டி ஸ்பெயினை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். இடைவேளைக்குப் பின் 48ஆவது நிமிடத்தில் டோவான் சமப்படுத்தினார். மூன்று நிமிடங்கள் கழித்துக் கோலுக்குக் குறுக்காகப் பாய்ந்த பந்து எல்லைக் கோட்டை நோக்கி ஓட, மிட்டோமா சறுக்கிச் சென்று அதை உள்ளே திருப்பினார். தனாக்கா அதனை வலைக்குள் தள்ளினார். பந்து வெளியே போய்விட்டது என்றே மைதானத்தில் முதலில் முடிவானது. வீ.ஏ.ஆர். எனப்படும் வீடியோ உதவி மத்தியஸ்தரின் பரிசோதனை நீண்ட பின்னர்தான் கோல் வழங்கப்பட்டது.

எங்கள் விறாந்தையில் ஸ்பெயினுக்கென்று அழுவார் எவரும் இருக்கவில்லை. கவலை ஜேர்மனியைப் பற்றியது. நண்பரின் தமையனார் குடும்பம் நீண்ட காலமாக ஜேர்மனியில் வாழ்கிறது. அந்தப் பிள்ளைகள் பேசும் பேச்சாலேயே இந்த வீடும் ஜேர்மனிய அணியின் பக்கம் சாய்ந்திருந்தது. அதே நேரத்தில் அல் பைத் அரங்கில் ஜேர்மனி கொஸ்டா ரிக்காவை 4–2 என வென்றது. ஜப்பான்–ஸ்பெயின் ஆட்டம் 1–1 என முடிந்திருந்தால், ஜப்பானும் ஜேர்மனியும் தலா 4 புள்ளிகளுடன் நிற்க, கோல் வித்தியாசத்தில் ஜேர்மனி அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். ஆகவே அந்த ஒரு பந்து கோட்டில் இருந்ததா இல்லையா என்பதில்தான் ஒரு நாட்டின் பயணம் தங்கியிருந்தது. (கொஸ்டா ரிக்கா ஆட்டத்தை நடத்தியவர் பிரான்ஸின் ஸ்டெபானி பிரப்பார். ஆண்கள் உலகக் கிண்ண ஆட்டமொன்றில் பெண்ணொருவர் பிரதான மத்தியஸ்தராக நின்றது அதுவே முதல் முறை. இந்தச் சர்ச்சையின் இரைச்சலில் எங்கள் ஊரில் அதைப் பற்றி ஒருவரும் பேசாதது எனக்கு இன்றும் மனக்குறைதான்.)

மறுநாள் மாலை ஏகாம்பரம் மைதானத்துக்கு அருகிலுள்ள தேநீர்க் கடையில் வாக்குவாதம் முற்றியது. மாரி மழையில் மைதானம் வெள்ளமாகக் கிடந்ததால் விளையாட வந்த பொடியன்களும் கடைக்குள்ளேயே நின்றார்கள். ஜேர்மனிப் பக்கத்தவரின் கைத்தொலைபேசியில், தாழ்வான கோணத்தில் எடுத்த படம் இருந்தது. அதில் பந்துக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவே பச்சைப் புல் துலக்கமாகத் தெரிந்தது. மறுபக்கத்தவரிடம் இருந்தது மேலிருந்து எடுத்த படம். அதிலே பந்தின் விளிம்பு கோட்டின் மேல் மயிரிழையளவு கவிந்து நின்றது. இரு சாராரும் தத்தம் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி எதிராளியின் முகத்துக்கு நேரே நீட்டினார்களே தவிர, இரண்டு படங்களும் ஒரே கணத்தைக் காட்டும்போது இரண்டும் எப்படி வேறு வேறு சங்கதியைச் சொல்ல முடியும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்போதுதான் மூலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மேசன் அண்ணன் எழுந்து வந்து, ஜேர்மனிப் படத்தை வாங்கிப் பார்த்தார். “தம்பி, இந்தப் படம் எடுத்தவர் எங்க நிண்டு எடுத்தவர் எண்டு முதல்ல சொல்லுங்கோ” என்றார். பதில் வரவில்லை. அவர் சீமெந்துத் தரையில் சுண்ணக்கட்டியால் தடித்த கோடொன்று கீறினார். பொடியன் ஒருவனிடம் பந்தை வாங்கி, அது தரையைத் தொடும் புள்ளி கோட்டுக்கு வெளியே நாலு விரற்கடை தள்ளி அமையுமாறு வைத்தார். பிறகு தன் வேலைப் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து, அதன் நூல் பந்தின் வயிற்றை மட்டும் உரசும்படி தொங்கவிட்டார். குண்டு நேரே கோட்டின் மேல் வந்து நின்றது. பந்து தரையில் கோட்டைத் தொடவில்லை. ஆனால் அதன் விளிம்பு கோட்டுக்கு மேலே இருந்தது. அதே நிலையில் தரையோடு தரையாகக் கைத்தொலைபேசியை வைத்துப் படம் எடுத்தபோது கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே சீமெந்து தெரிந்தது. நேர் மேலிருந்து எடுத்தபோது அந்த இடைவெளி மறைந்துவிட்டது.

விதி இதைத்தான் சொல்கிறது. தரையிலாயினும் ஆகாயத்திலாயினும், முழுப் பந்தும் கோட்டை முழுவதுமாகக் கடந்தால் மட்டுமே அது ஆட்டத்துக்கு வெளியே போனதாகக் கொள்ளப்படும். பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர். குறுக்களவு ஏறத்தாழ 22. ஆகவே தரையில் தொடும் புள்ளி கோட்டின் வெளி விளிம்பிலிருந்து கிட்டத்தட்ட 11 சென்ரிமீற்றர் தள்ளிப் போனாலும் பந்து இன்னும் உள்ளேதான் இருக்கிறது. பல வருடம் விளையாடியவர்களே தொடும் புள்ளியைத்தான் கணக்கெடுக்க வேண்டும் என்று எண்ணியிருந்தார்கள் என்பது அன்று வெளிப்பட்டது. கோல் கோட்டுக் கமராக்களின் படங்களைக் கொண்டே பார்த்ததாகவும், ஏனைய கமராக்களின் படங்கள் தவறான தோற்றத்தைத் தரக்கூடும் என்றும் பீஃபா தந்த விளக்கமும் இதே அடிப்படையில் அமைந்ததுதான்.

ஜேர்மனிப் பக்கத்து நண்பர் உடனே சம்மதித்துவிடவில்லை. ஆனால் அவருடைய கேள்வி மாறியது. “வெளியே போனது” என்று சொல்வதை விட்டு, “மேலிருந்து எடுத்த படத்தில் கமரா உண்மையில் கோட்டுக்கு நேர் மேலேதானா இருந்தது?” என்று கேட்கத் தொடங்கினார். அது நியாயமான கேள்வி என்றே நான் நினைக்கிறேன். அதன் பின்னர் நடந்ததுதான் கேட்கத் தகுந்த விவாதம்.

இதற்குச் சில காலத்தின் பின் நகருக்கு வெளியே ஒரு மைதானத்தில் நடந்த கழக மட்டப் போட்டியிலும் இதே பிரச்சினை வேறு வடிவில் வந்தது. மேல் கம்பத்தில் பட்டுக் கீழே குத்திய பந்து உள்ளே விழுந்ததா என்பதே தகராறு. மத்தியஸ்தர் கோல் இல்லை என்றார். ஆதரவாளர் ஒருவர் மூலைக் கொடியருகே நின்று எடுத்த வீடியோவோடு மைதானத்துக்குள் ஓடிவந்தார். பின்னால் இருபது முப்பது பேர். மத்தியஸ்தர் அதைப் பார்க்க மறுத்துவிட்டார். பலர் அதை அகங்காரம் என்று திட்டினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கோல் விழுந்ததா என்பது உட்பட ஆட்டத்தின் நிகழ்வுகள் பற்றிய மத்தியஸ்தரின் முடிவே இறுதியானது என்று விதி கூறுகிறது. வீ.ஏ.ஆர். போன்ற அனுமதி பெற்ற வீடியோ ஏற்பாடு உள்ள போட்டிகளில் மட்டுமே காட்சி பார்த்து முடிவை மாற்றலாம். ஒருவரின் கைத்தொலைபேசியைப் பார்த்து முடிவை மாற்றினால், அடுத்த வாரம் எதிரணியின் கைத்தொலைபேசியையும் பார்க்க வேண்டி வரும்.

அந்த வீடியோவைப் பிறகு ஆறுதலாகப் பார்த்தோம். கைத்தொலைபேசி சாதாரணமாக வினாடிக்கு 30 படங்கள் எடுக்கும். மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் போகும் பந்து ஒரு வினாடியில் 20 மீற்றர் கடக்கிறது. அப்படியானால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அது ஏறத்தாழ 67 சென்ரிமீற்றர், அதாவது மூன்று பந்துகளின் அகலம் நகர்ந்துவிடுகிறது. எங்களிடம் இருந்த வீடியோவில் ஒரு படத்தில் பந்து தரைக்குச் சற்று மேலே இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்ததில் குத்தி எழும்பிவிட்டது. தரையைத் தொட்ட கணம் எந்தப் படத்திலும் இல்லை. இல்லாத ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் அன்று அடிபிடி வரை போயிருந்தார்கள்.

வீடியோவே வேண்டாம் என்பது என் கருத்தன்று. 2010 உலகக் கிண்ணத்தில் புளூம்பொன்டெயினில் ஜேர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லம்பார்ட் அடித்த பந்து கோட்டைத் தெளிவாகக் கடந்து விழுந்ததை உலகமே பார்த்தது. மத்தியஸ்தருக்கு மட்டும் அதைப் பார்க்க வழியில்லாமல் இருந்தது. அந்த அநியாயத்துக்குப் பின்னரே கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு 2012இல் அனுமதி கிடைத்தது. முழுப் பந்தும் கடந்தால் ஒரு வினாடிக்குள் மத்தியஸ்தரின் கைக்கடிகாரத்துக்குச் சமிக்ஞை போகும். நான் வேண்டுவது, காட்சியைச் சாட்சியாக நீட்டுபவர் அது எதைக் காட்டக்கூடியது என்பதை அறிந்து நீட்டவேண்டும் என்பதே.

ஆகவே எங்கள் பக்கத்து மைதானங்களில் படம் பிடிப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: கோலுக்குப் பின்னாலும் மூலையிலும் நிற்காமல், பார்வையாளர் கயிற்றுக்கு வெளியே கோல் கோட்டின் நேர் நீட்சியில், இரண்டு கம்பங்களும் ஒன்றாகத் தெரியும் இடத்தில் நில்லுங்கள். கைத்தொலைபேசியை ஒரு தாங்கியில் வைத்து, வினாடிக்கு 60 படங்கள் எடுக்கும் வசதி இருந்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள். ஆட்டம் முடியும்வரை அதை யாருக்கும் காட்டாதீர்கள்.